ஒரு குழந்தைக்கு எத்தனை மடிகள்?

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. சில ஆண்டுகளுக்கு முன் அவ்விழாவன்று, திருமயம் பகுதியில் எங்கள் பங்கைச் சார்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் மறையுரை ஆற்றினேன். நான் சொன்ன கருத்து புதியதன்று. எத்தனையோ மேடைகளில் நாம் கேட்டுப் பழகியதுதான். கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது, தந்தையர் பொருள் தேடிக் கடல் கடந்துவிட்டனர், தாய்மாரும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டனர், பச்சிளங் குழந்தைகளைக் கைப்பேசி வளர்க்கிறது என்றேன். பெற்றவள் மடியில் வளராத பிள்ளை ஊருக்கும் உதவாது, திருச்சபைக்கும் உதவாது என்று குரலை உயர்த்தியும் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் பலர், "நல்லாச் சொன்னீங்க சாமி" என்று கைகூப்பிச் சென்றனர்.

கூட்டம் கலையும்வரை ஓர் இளம்பெண் மட்டும் தூணோரம் நின்றார். அவர் இடுப்பில் இரண்டரை வயதுச் சிறுவன். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். வாங்கிய கடன் அடைபடும்வரை இவரும் புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறார். காலை எட்டு மணிப் பேருந்தில் சென்றால் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்ப முடியும். பகல் முழுவதும் பிள்ளை, மூட்டுவலியால் நடக்க இயலாத மாமியாரின் பொறுப்பு. மாமியாருக்குத் துணை ஒரு கைப்பேசி. அச்சிறுவன் அதுவரை 'அம்மா' என்னும் சொல்லைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"ஃபாதர், நீங்க சொன்னது என்னைத்தான்னு ஊருக்கே தெரியும்" என்று தொடங்கினார் அவர். "எங்கம்மா கல்லு உடைக்கப் போனவங்க. நான் குவாரிப் புளியமரத்துத் தூளியில கிடந்து வளர்ந்தவ. எங்கம்மாவை யாரும் குத்தம் சொல்லலை. தூளிய ஆட்டிவிட அவங்களுக்குச் சுத்திப் பத்துப் பேரு இருந்தாங்க. எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."

என்னிடம் மறுமொழி இல்லை. ஆசீர் அளித்து அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நம் முன்னோர் காலத்தில் தந்தை வயலுக்கும் தாய் அடுக்களைக்கும் உரியவராய், பிள்ளைகள் அவர்கள் கண்முன்னே வளர்ந்தார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அது உண்மைதானா? இந்தத் திருமயம் மண்ணின் கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது.

வளவு வீட்டுப் பிள்ளைகள்

திருமயம் கோட்டை மீது ஏறி நின்று சுற்றிலும் நோக்கினால் தெரிவது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் பஞ்சம். ஆகவே இங்குள்ளோர் பொருள் தேடி வெளியேறுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. இராயவரம், கடியாபட்டி, குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை, கோனாபட்டு என்று இவ்வட்டாரத்தில் நகரத்தார் ஊர்கள் பல உண்டு. அங்குள்ள மாளிகைகளைக் காணும் பயணிகள் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் வியந்து செல்கின்றனர். அந்த வீடுகளில் பிள்ளைகள் எவ்வாறு வளர்ந்தனர் என்று கேட்போர் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1942-இல் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றும்வரை, இவ்வூர்களின் ஆடவருள் பெரும்பகுதியினர் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடைகளில் இருந்தனர். கடை முதலாளிக்காக வேலை பார்க்கச் செல்பவருக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிந்து கணக்கை ஒப்படைத்த பின்னரே ஊர் திரும்பலாம். சில மாதம் வீட்டிலிருந்து, மீண்டும் கப்பல். தந்தை கப்பலேறிய பின் பிறந்த குழந்தை அவரை முதன்முறையாகக் காணும்போது நடக்கவும் பேசவும் கற்றிருக்கும். அந்நிய மனிதரைக் கண்டு மிரண்டு அப்பத்தாவின் முந்தானைக்குள் ஒளிந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் இன்றைய தந்தையர் காணும் அதே காட்சிதான்.

அப்படியானால் அக்குழந்தைகளை யார் வளர்த்தார்கள்? அந்த வீட்டின் அமைப்பே விடை சொல்கிறது. முகப்பைக் கடந்து உள்ளே சென்றால் நடுவில் வானம் தெரியும் வளவு. அதைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மகனுக்குத் திருமணம் ஆனதும் 'வேறு வைத்தல்' என்று ஒரு முறை உண்டு. புதுமணத் தம்பதியர் அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டித் தனிக் கணக்கில் வாழத் தொடங்குவர். அன்று முதல் அவர்கள் சமூகக் கணக்கில் ஒரு தனிப் 'புள்ளி'. நாம் கூட்டுக்குடும்பம் என்று எண்ணிப் போற்றும் அம்மாளிகை, உண்மையில் பல தனிக்குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு. மாமியார் மருமகள் பூசலுக்கு அடுப்பைப் பிரித்து வழி கண்டார்கள். முற்றத்தை மட்டும் பிரிக்கவில்லை. தவழும் குழந்தைக்கு எந்த அடுப்பு யாருடையது என்று தெரியாது. அது எந்த அறை வாசலிலும் போய் அமர்ந்து வாய் திறக்கும். ஒரு கவளம் கிடைக்கும். தந்தை இல்லாத குறையை அந்த முற்றம் பெரிதும் ஈடு செய்தது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. அவ்வூர்ச் சிறுவர்கள் மீசை அரும்பு முன்பே 'பெட்டியடிப் பையன்'களாகக் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். வளவில் செல்வர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்த வேலைக்காரப் பெண்கள், தங்கள் பிள்ளையை யார் மடியில் விட்டு வந்தார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூற்றுக்கு அருகானவை ஓராண்டு நிறையுமுன்னே இறந்தன. நம் பாட்டிமார் எட்டும் பத்தும் பெற்றதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். தமிழகத்தில் அவ்வெண்ணிக்கை, 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஆயிரத்துக்கு 13-ஆகக் குறைந்திருந்தது. பழங்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுமுன் இதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொன்றையும் குறிப்பிடத் தோன்றுகிறது. 'குழந்தைக் கவிஞர்' என்று தமிழுலகம் போற்றும் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது இந்த இராயவரத்தில்தான். 'சக்தி' இதழால் புகழ்பெற்ற பதிப்பாளர் வை. கோவிந்தனும் அவ்வூரினரே. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் புதுக்கோட்டையிலிருந்து குழந்தைகள் இதழ்கள் பல வெளிவந்தன. ஆடவர் பலர் கடல் கடந்திருந்த ஒரு சிறு வட்டாரம் குழந்தைகளுக்காக இத்தனை எழுத்தைத் தந்தது வியப்புக்குரியது. குழந்தைக்குச் சோறு மட்டும் போதாது, பாட்டும் கதையும் கேட்கும் செவியும் வேண்டும் என்று உணர்ந்தவர்கள் இம்மண்ணில் இருந்தார்கள்.

லயத்துப் பிள்ளைகள்

வட்டிக்கடைக்குச் சென்றவர் சிலர்; கூலிக்குச் சென்றவர் மிகப் பலர். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்கள் இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டங்களையும், பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கின. இங்கே வளவும் இல்லை, முற்றமும் இல்லை. லயம் எனப்பட்ட நீண்ட கொட்டகையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. அதற்குள் ஒரு குடும்பம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை பெண்களுக்கு உரியது. விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு தாய் மலையேறினால் கைக்குழந்தையை என்ன செய்வது?

அதற்காகத் தோட்டங்களில் எழுந்ததே பிள்ளைக் காம்பரா. தாய்மார் வேலைக்குப் போகுமுன் குழந்தையை அங்கே விட்டுச் செல்வர். மலையேறும் வலு இழந்த வயதான பெண்ணொருத்தி பார்த்துக்கொள்வாள். இடையில் தாய் இறங்கி வந்து பாலூட்டிவிட்டு மீண்டும் ஏறுவாள். மலேயாவின் இரப்பர் தோட்டங்களில் இதையே ஆயாக் கொட்டகை என்றார்கள். தோட்ட நிருவாகம் இரக்கத்தால் மட்டும் இதைச் செய்யவில்லை. தாய் பறித்தால்தான் கொழுந்து. அந்தக் கொட்டகைகள் பலவும் இருட்டும் ஈரமுமானவை. எனினும் ஓர் உண்மை அங்கே முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது: பெண் வேலைக்குச் சென்றால் பிள்ளைக்கு ஓர் ஏற்பாடு செய்வது வேலை வாங்குபவரின் கடமை. விடுதலைக்குப் பின் நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று விதித்தது.

1964 அக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்புவர் என்று எண்களால் வகுத்தது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த கதைகள் ஏராளம். அவ்வாறு திரும்பி வந்த முதியவர் ஒருவரை நான் இளங்குருவாக இருந்தபோது சந்தித்தேன். "வீடு வாசல் போனது பெரிசில்லை சாமி. எங்க புள்ளைகளுக்கு இங்க ஒரு அத்தை இல்லை, ஒரு மாமன் இல்லை. அதுதான் பெரிசு" என்றார். உறவுகள் இல்லாத இடத்தில் குழந்தை வளர்ப்பது எத்தகைய தனிமை என்பதை அவர் நமக்கு முன்பே அறிந்திருந்தார்.

அக்காளின் இடுப்பு

கடல் கடக்காமல் இங்கேயே தங்கிய ஏழைகளின் நிலை என்ன? நடவுக்கும் களையெடுப்புக்கும் கல் உடைக்கவும் பெண்கள் எக்காலத்தும் சென்றே வந்திருக்கிறார்கள். 'வேலைக்குப் போகும் தாய்' நம் காலத்தின் புதுமை அல்லள். அவள் வரப்போரத்து வேப்பமரத்திலும் குவாரியோரத்துப் புளியமரத்திலும் சேலையால் தூளி கட்டியவள். அந்தத் தூளியை ஆட்டியவர்களுள் முதலிடம் யாருக்கு? வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்கு.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஐவர். நான் கடைக்குட்டி. என்னைவிட எட்டு வயது மூத்த என் அக்கா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றார். காரணம், நான் பிறந்தேன். அம்மா வயலுக்குப் போக, அக்காளின் இடுப்பே எனக்குத் தொட்டிலாயிற்று. நான் பள்ளிக்குப் போனேன். பின் குருமடத்துக்குப் போனேன். இலத்தீனும் மெய்யியலும் இறையியலும் படித்தேன். அக்காளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அதை ஒரு குறையாக வீட்டில் எவரும் பேசியதில்லை, நானும் எண்ணியதில்லை.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். படிப்போடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டனர். வயலில் வேலை செய்தோர், குவாரியில் கல் உடைத்தோர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டியில் சென்றதை நாடே வியந்து பார்த்தது. குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்திய முயற்சிகளும் அக்காலத்தில் நிகழ்ந்தன. அந்த இரவு வகுப்புகளில் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்த பெண்களுள் பலர், முப்பதாண்டுகளுக்கு முன் தம்பி தங்கையரைத் தூக்குவதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமியரே. என் அக்காளும் அவர்களுள் ஒருவர். குருமடத்துக்கு அவர் தம் கையால் எழுதிய முதல் கடிதம் நான்கு வரி. அதில் மூன்றாவது வரி: "நீ நல்லாப் படி, நானும் படிக்கிறேன்." அக்கடிதத்தைப் படித்த நாளில்தான் என் படிப்பின் விலை என்னவென்று எனக்குப் புரிந்தது.

ஆகவே, பழைய முறைக்குத் திரும்புவோம் என்று சொல்பவர்களை நான் ஒன்று கேட்பேன்: எந்த அக்காளை மீண்டும் பள்ளியிலிருந்து நிறுத்தப் போகிறோம்?

ஊர் விரித்த மடி

உறவு மடி போதாதபோது பொது மடி ஒன்றை விரிக்க வேண்டும் என்னும் எண்ணம் தமிழகத்தில் படிப்படியாக வளர்ந்தது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, தடைகளைக் கடந்து மருத்துவம் பயின்ற டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் 1930-இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ஏழைக் கருவுற்ற பெண்களுக்கு நிதியுதவி அளிக்கும் திட்டத்தை 1987-இல் அரசு தொடங்கியபோது பின்னாளில் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2018 முதல் அவ்வுதவி 18,000 ரூபாய்.

1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியது. 1975-இல் நடுவண் அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் வந்தது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி குன்றியவற்றுக்குச் சத்துருண்டை வழங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதற்கட்டத்திலேயே இரண்டு வயது முதலான சிற்றூர்க் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. வாக்குக்காக என்று அன்று ஏளனம் செய்தோர் உண்டு. ஆனால் இத்திட்டங்கள் வயிற்றை நிரப்பியதோடு நிற்கவில்லை. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அக்கா பள்ளிக்குப் போகலாம் என்னும் நிலை உருவாயிற்று. ஊர்தோறும் ஆயாவாகவும் சமையலராகவும் சில பெண்கள், அவர்களுள் கைம்பெண்களும் கைவிடப்பட்டோரும் பலர், ஊரார் பிள்ளைகளுக்கு ஊட்டினர். அவர்களுக்கும் ஒரு வாழ்வு கிடைத்தது.

2022-இல் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இல் சிற்றூர்களிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டமும் இவ்வழியில் வந்ததே. விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தாயின் மனச்சுமையை ஓர் உப்புமாத் தட்டு எவ்வளவு குறைக்கிறது என்பதை எங்கள் பங்குப் பள்ளிகளில் காண்கிறோம்.

ஆயினும் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பும், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. நான்கைந்து பெண்கள் நிற்கும் துணிக்கடையை அது எட்டவில்லை. அங்கன்வாடியோ மாலையில் வெகுமுன்னரே மூடிவிடும். கடையோ இரவுவரை திறந்திருக்கும். இடைப்பட்ட அந்த நான்கைந்து மணி நேரம் யாருடையது? அந்நேரத்தில்தான் கைப்பேசி உள்ளே நுழைகிறது.

இன்று குறைந்தது எது?

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்னும் நம்பிக்கை வந்ததால், குறைவாகப் பெற்று நிறைவாக வளர்க்க நம் மக்கள் கற்றனர். அது நன்மையே. ஆனால் அதன் விளைவு ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே பிள்ளையாகப் பிறந்த ஆணும் ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்ணும் மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குச் சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, தாய்மாமன் இல்லை, சித்தி இல்லை. நம் தாலாட்டுகள் குழந்தையின் உறவினரை ஒவ்வொருவராக அழைத்து, யார் என்ன சீர் கொண்டு வருவார் என்று பாடியே பொழுதைக் கழித்தன. இனி அந்தப் பாட்டு இரண்டு வரியில் முடிந்துவிடும்.

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை நம் முன்னோர் குழந்தையை எவ்வளவு கூர்ந்து கவனித்தனர் என்பதற்குச் சான்று. தலை நிமிர்த்தி ஆடுவது, நாவசைப்பது, கை தட்டுவது, தளர்நடை இடுவது என வளர்ச்சியின் படிகளைப் பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் அம்புலிப் பருவத்தில் நிலவையே குழந்தையோடு விளையாட வரும்படி அழைக்கிறார்கள். நிலவைக் காட்டிச் சோறூட்டிய தாய் குழந்தையின் முகம் பார்த்துப் பேசினாள். குழந்தை மழலையில் எதையோ கேட்டது. அவள் எதையோ சொன்னாள். திரையைக் காட்டி ஊட்டும்போது பேச்சு ஒருவழியாகிறது. திரை ஓயாமல் பேசும். குழந்தை கேட்பதற்கு விடை சொல்லாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரை அறவே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அறிவுரை சரியே. ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டி ஒருத்தியிடம், திரையைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் யாரை வைக்கப் போகிறோம் என்று சொல்லாமல் இதை மட்டும் சொல்வது, நான் ஆற்றிய மறையுரையைப் போன்றதே.

எனவே வரலாறு நமக்குக் காட்டுவது இது. தந்தை இல்லாத வீட்டில் இம்மண் பிள்ளை வளர்த்திருக்கிறது. தாய் வேலைக்குப் போன வீட்டிலும் வளர்த்திருக்கிறது. குடும்பத்தின் வடிவம் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியிருக்கிறது. வளவாயினும் பிள்ளைக் காம்பராவாயினும் சத்துணவுக் கூடமாயினும், சுற்றிலும் சில மடிகள் இருந்த இடத்தில் குழந்தை தழைத்தது. அம்மடிகளுள் சில அநீதியின்மேல் அமைந்தவை. என் அக்காளின் இடுப்பைப் போல. அவற்றை மீட்க வேண்டியதில்லை. அவற்றுக்கு ஈடாக நீதியான மடிகளை அமைக்க வேண்டும்.

நாம் மறந்த பொறுப்பு

திருமுழுக்கின்போது பெற்றோரோடு ஞானத்தாயும் ஞானத்தந்தையும் வந்து நிற்பதை நாம் ஒரு சடங்காகவே கருதிவிட்டோம். புத்தாடையும் சங்கிலியும் போட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு செல்வதோடு அப்பொறுப்பு முடிந்துவிடுகிறது. பெற்றோர் இருவர் மட்டும் ஒரு குழந்தைக்குப் போதாது என்று திருச்சபை தொடக்க நூற்றாண்டுகளிலேயே அறிந்திருந்ததன் அடையாளம் அல்லவா அது! திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பற்றி எழுதும் பவுலடியார் அவருடைய பாட்டியையும் தாயையும் பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார்.

திருக்குடும்பத்தையே பாருங்கள். நாம் சுவரில் மாட்டும் படத்தில் மூவர் மட்டுமே இருக்கின்றனர். ஆனால் பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்ச்சியை லூக்கா எழுதும்போது, பெற்றோர் அவரைக் காணாமலேயே ஒருநாள் வழி நடந்ததாகச் சொல்கிறார். பயணக் கூட்டத்தில் எங்கோ இருப்பார் என்று எண்ணி, பின்னர்தான் உறவினர் நடுவிலும் அறிமுகமானவர் நடுவிலும் தேடுகின்றனர். மரியாவும் யோசேப்பும் கவனமற்ற பெற்றோர் என்று எவரும் சொல்லோம். தங்கள் பிள்ளையை ஊரார் பார்த்துக்கொள்வர் என்று ஒரு முழு நாள் அஞ்சாமல் நடக்கும் அளவுக்கு அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பின்னரே இது என் கண்ணில் பட்டது.

எங்கள் கிளைக் கிராமத்துச் சிற்றாலயத்தை ஒட்டி ஒரு மன்றம் உண்டு. வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடந்த அதை, அப்பெண்ணின் கேள்விக்கு அடுத்த மாதம் மாலை வேளைகளில் திறந்தோம். ஊரிலுள்ள இரண்டு பாட்டிமார் வந்து அமர ஒப்புக்கொண்டனர். அன்பியத்துப் பெண்கள் முறை வைத்துச் சுண்டல் அவித்துத் தருகின்றனர். ஒரு பழைய பாய், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் மண். வேறு ஏற்பாடு இல்லை. பெரிய சாதனை என்று இதைச் சொல்ல மாட்டேன். சில நாள் பத்துக் குழந்தைகள் வருகின்றன. சில நாள் மூன்று. மழைக்காலத்தில் பாட்டிமாருக்கு உடல்நலமின்றி இரு வாரம் மூடவும் நேர்ந்தது. கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக் குழந்தைகளும் வருகின்றன, வரவேண்டும்.

அந்தச் சிறுவனை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். காதில் குறையில்லை, பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும் என்றாராம் அவர். இப்போது அவன் பேசுகிறான். சற்றுத் தாமதமாகவும் திக்கியும்தான். மன்றத்துப் பாட்டியரில் ஒருவரை 'அப்பத்தா' என்கிறான். அவர் அவனுக்கு எந்த வகையிலும் உறவினர் அல்லர்.

திருக்குடும்ப விழா மீண்டும் வரும்போது மறையுரை மேடையிலிருந்து தாய்மாரை நோக்கி எதுவும் சொல்லுமுன், நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் மன்றங்கள் எத்தனை, நாம் ஞானப்பெற்றோராய் நின்ற குழந்தைகள் இன்று மாலை யார் மடியில் இருக்கிறார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.